சுவருக்குத் தண்ணி அடிக்கிறது யாரு வேலை?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஹெட்போன் போட்டுக்கிட்டு பஸ்லயோ மெட்ரோலயோ கேட்டுக்கிட்டு இருந்தா, வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை பண்ணுங்க. விரலை மடக்கி உங்க ரூம் சுவரைத் தட்டிப் பாருங்க, கதவைத் தட்டுற மாதிரி. ஒரு இடத்துல ‘டக் டக்’னு கெட்டியா கேட்கும். இன்னொரு இடத்துல ‘டொப் டொப்’னு காலி டப்பா மாதிரி கேட்கலாம். அந்த ‘டொப்’ எங்கேருந்து வருதுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

நான் சென்னையில் சைட் இன்ஜினியர். ஒன்பது வருஷமா கட்டட வேலையில் இருக்கேன். ஃப்ளாட் வாங்குற நண்பர்கள் என்கிட்ட டைல்ஸ் பத்திக் கேட்பாங்க, மாடுலர் கிச்சன் பத்திக் கேட்பாங்க, பெயின்ட் கலர் பத்தி அரைமணி நேரம் பேசுவாங்க. பூச்சு வேலை பத்தி இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டது கிடையாது. ஆனா நீங்க தினமும் பார்க்கிறது, சாய்றது, ஆணி அடிக்கிறது எல்லாமே அந்த 12 மில்லிமீட்டர் பூச்சுலதான். செங்கல்லை நீங்க ஒரு நாளும் பார்க்கப் போறதில்லை.

சிமெண்ட் காய்வதில்லை

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். ‘சிமெண்ட் காஞ்சிடுச்சா?’ன்னு எல்லாரும் கேட்கிறோம். சிமெண்ட் காஞ்சு கெட்டியாகிற பொருள் இல்லை. அது தண்ணீரோட வேதிவினை புரிஞ்சு கெட்டியாகுது. வினை முடியிறதுக்கு முன்னாடி தண்ணி போயிடுச்சுன்னா வினையும் பாதியில நின்னுடும். வெளியே பார்க்க நல்லா வெள்ளையா, காஞ்சு போய் அழகா இருக்கும். ஆனா நகத்தால கீறினா மணலா உதிரும்.

சுண்ணாம்பு கதை வேற. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டா கரியமில வாயு வெளியே போய், சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சு, நீர்த்த சுண்ணாம்பு ஆகும். அதைச் சுவர்ல பூசினா, போன கரியமில வாயுவை மறுபடி காத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, திரும்பக் கல்லாகும். கல்லாகத் தொடங்கி கல்லாகவே முடியுற பொருள். ஆனா அவசரமே படாது. முழுசா இறுக மாசக்கணக்கு ஆகும், சில நேரம் வருஷக்கணக்கு.

நம்ம ஊர்ல இந்தப் பொருளை எவ்வளவு தூரம் கொண்டு போயிருக்காங்கன்னு தெரிஞ்சுக்க செட்டிநாட்டு வீடுகளைப் போய்ப் பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு, தொட்டா ஜில்லுன்னு இருக்கும். சுண்ணாம்பைப் பல படிவமா பூசி, முட்டை வெண்கரு சேர்த்து, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு கொண்டு வந்த மெருகு அது. கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி. அந்த வேலைக்கு எத்தனை நாள், எத்தனை கை வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்கிற கொத்தனார் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அது படிப்படியா உலகம் முழுக்கப் போய், நம்ம ஊர்லயும் சுண்ணாம்பு இருந்த இடத்துக்கு வந்துடுச்சு. காரணம் ரொம்ப எளிமை: மூட்டையைப் பிரி, கலக்கு, பூசு. சாயங்காலம் பூசினதை மறுநாள் தொட்டுப் பார்க்கலாம்.

ரெண்டையும் கலந்தா என்ன?

இங்கதான் பலருக்குத் தெரியாத ஒரு நடுவழி இருக்கு. சிமெண்டையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கலக்குற பூச்சு. இது யாரோ யூடியூப்ல கண்டுபிடிச்ச புதுசு இல்லை. இந்தியத் தர நிர்ணயத்துல இதுக்குன்னே ஒரு விதிமுறை இருக்கு: ஐ.எஸ். 1661, 1972-ல் வந்தது. சிமெண்ட் பூச்சு, சிமெண்ட்-சுண்ணாம்புப் பூச்சு ரெண்டையும் எப்படிப் பூசணும்னு சொல்றது. இன்ஜினியரிங் புத்தகங்கள்லயும் 1:1:6ன்னு ஒரு கலவை வரும். ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். இன்னும் மென்மையா வேணும்னா 1:2:9.

சுண்ணாம்பு சேர்த்தா மூணு விஷயம் நடக்குது.

ஒண்ணு, கலவை வெண்ணெய் மாதிரி ஆகும். சுண்ணாம்புத் துகள் ரொம்ப ரொம்ப நுண்மையானது. கரண்டியில எடுத்தா வழுக்கிக்கிட்டு வரும், சுவர்ல போட்டா ஒட்டிக்கிட்டு நிக்கும். கீழே விழுந்து வீணாகிறது குறையும்.

ரெண்டு, தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். செங்கல் பயங்கர தாகக்காரன். கலவையைப் பூசின உடனே அதுல இருக்கிற தண்ணியை உறிஞ்சத் தொடங்கும். சுண்ணாம்பு இருந்தா தண்ணியை லேசுல விடாது. அந்தத் தண்ணி சிமெண்டுக்கு வேலை செய்யக் கிடைக்கும்.

மூணு, பூச்சு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கட்டடம் அசையாம நிக்குதுன்னு நாம நினைக்கிறோம். வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும். வெறும் சிமெண்ட் பூச்சு ரொம்ப விறைப்பு, அசைஞ்சா விரியல் விட்டுடும். சுண்ணாம்பு கலந்தது அந்தச் சின்ன அசைவைத் தாங்கும். தலைமுடி அளவு விரியல் வந்தாலும், ஈரத்துல கரைஞ்ச சுண்ணாம்பு அந்த இடுக்குல போய்த் திரும்பக் கல்லாகி, ஓரளவுக்குத் தானே மூடிக்கும். பெரிய விரியலை மூடாது, அதை எதிர்பார்க்காதீங்க.

இதுலேருந்து ஒரு முக்கியமான பாடம். ‘சிமெண்ட் ஜாஸ்தி போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும் சார்’னு சைட்ல சொல்லுவாங்க. பூச்சைப் பொறுத்தவரை அது தப்பு. பூச்சு, அதுக்குப் பின்னாடி இருக்கிற சுவரைவிட பலமா இருக்கக் கூடாது. மெல்லிசான துணியில தடிமனான கேன்வாஸை ஒட்டினா என்ன ஆகும்? கேன்வாஸ் சுருங்கும்போது துணியையும் சேர்த்து இழுக்கும். அதேதான் இங்கயும். அதிக சிமெண்ட், அதிக சுருக்கம், அதிக விரியல். அதனாலதான் செங்கல் சுவருக்குள் பக்கம் சாதாரணமா 1:6, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். சீலிங்குக்கு மட்டும் 1:4 அல்லது 1:3, ஏன்னா அங்க பின்னாடி இருக்கிறது பலமான கான்கிரீட்.

இவ்வளவு நல்லது இருந்தும் சைட்ல ஏன் சுண்ணாம்பைப் பார்க்க முடியலை? ஒரு கொத்தனார் அண்ணன்கிட்ட கேட்டேன். ‘அண்ணே, சுண்ணாம்பு போட்டுப் பூசியிருக்கீங்களா?’ன்னு. ‘எங்க அப்பா பூசுனாரு மேடம். ஊற வைக்கணும், சலிக்கணும், அதுக்கு ஒரு ஆளு, ஒரு நாளு. சதுர அடிக்கு ரேட்டு பேசிட்டு யாரு அதைச் செய்வா?’ன்னார். அந்த ஒரு வாக்கியத்துல முழு விஷயமும் இருக்கு.

சதுர அடியும் நாளும்

பூச்சு வேலைக்குக் கூலி பேசுறது பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில். இன்னைக்கு எத்தனை சதுர அடி ஏறுச்சோ அத்தனை காசு. ஆனா நல்ல பூச்சுக்கு வேண்டிய எதையும் சதுர அடியில அளக்க முடியாது. எல்லாமே நேரம். வரிசையா பாருங்க.

பூசுறதுக்கு முன்னாடி: எலக்ட்ரிக் பைப், பிளம்பிங் பைப் எல்லாம் சுவரை வெட்டி உள்ளே போயிருக்கணும். பூசினதுக்கு அப்புறம் வெட்டினா, வெட்டின இடத்துல கண்டிப்பா கோடு தெரியும். செங்கல் நடுவுல இருக்கிற சாந்தை 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி விடணும், அப்பத்தான் பூச்சுக்குப் பிடி கிடைக்கும். தூசியைக் கழுவணும். செங்கல் சுவரை நல்லா நனைக்கணும், ஆனா சொட்டச் சொட்ட இருக்கும்போது பூசக் கூடாது. சாலிட் பிளாக்கா இருந்தா லேசா ஈரம் போதும். ஊற வெச்சா பிளாக் வீங்கி, அப்புறம் சுருங்கி, விரியல் விடும்.

கான்கிரீட் தூணும் பிளாக் சுவரும் சேருற இடம் இருக்கே, அங்க ரெண்டும் வேற வேற மாதிரி விரிஞ்சு சுருங்கும். அந்த இணைப்பு மேல கோழிவலை, அதாவது சிக்கன் மெஷ், வெச்சு ஆணி அடிச்சுட்டுத்தான் பூசணும். உங்க வீட்டுல தூண் ஓரமா நேரா மேலேருந்து கீழ ஒரு கோடு போகுதா? பெரும்பாலும் அங்க வலை இருக்காது.

மணல்: இப்ப ஆத்து மணல் கிடைக்கிறது அபூர்வம். பூச்சுக்குன்னு பி-சாண்ட் வருது, கழுவி, சலிச்ச நைசான செயற்கை மணல். அந்தப் பேர்ல கிரஷர் தூசியும் வரும். கையில அள்ளி தண்ணியில போட்டுக் கலக்குங்க. தண்ணி பால் மாதிரி ரொம்ப நேரம் கலங்கியே இருந்தா தூசி ஜாஸ்தி. தூசி ஜாஸ்தின்னா தண்ணி ஜாஸ்தி கேட்கும், சுருக்கம் ஜாஸ்தி, சிலந்தி வலை மாதிரி விரியல்.

சுண்ணாம்பு சேர்க்கிறதா இருந்தா கட்டடச் சுண்ணாம்பு வாங்கணும். ஐ.எஸ். 712 தரத்துல ‘சி’ வகைன்னு ஒண்ணு இருக்கு, கொழுத்த சுண்ணாம்புன்னு சொல்லுவாங்க. முந்தின நாளே ஊற வெச்சு, சலிச்சு எடுக்கணும். நீராத ஒரு சின்னக் கட்டி உள்ளே போயிட்டாலும், மாசக்கணக்கு கழிச்சு அது ஈரத்தைக் குடிச்சு வீங்கி, பூச்சுல பரு மாதிரி வெடிக்கும்.

பூசும்போது: முதல்ல சீலிங், அப்புறம் சுவர். சுவர்ல மேலேருந்து கீழே. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து அங்கங்க சின்னத் திட்டா கலவை வெச்சு மட்டம் பிடிப்பாங்க, புல் மார்க்னு சொல்றது. ரெண்டு திட்டுக்கு நடுவுல கலவையை வீசி அடிச்சு, மட்டக்கட்டையால இழுத்து, மணியாசுக்கட்டையால தேய்ச்சு விடுவாங்க. ஒரு நல்ல கொத்தனார் வீசுறதைப் பார்த்திருக்கீங்களா? தோள்லேருந்து வராது, மணிக்கட்டுலேருந்து வரும். கலவை ‘சப்’புனு போய் உட்காரும். அந்த வேகத்துலதான் நடுவுல இருக்கிற காத்து வெளியே போகுது. தடவி ஒட்ட வெச்சா காத்து உள்ளேயே மாட்டிக்கும். நீங்க தட்டிப் பார்த்த ‘டொப்’ சத்தத்துக்கு அது ஒரு காரணம்.

தண்ணி ஊத்திக் கலந்த கலவையை உடனே காலி பண்ணணும். சாதாரண சிமெண்ட் இறுகத் தொடங்குற நேரம் 30 நிமிஷத்துக்குக் குறையக் கூடாதுங்கிறது தர அளவு. அதுக்கு மேல எவ்வளவு தாங்கும்கிறது வெயிலையும் சிமெண்டையும் பொறுத்தது. மதியம் சாப்பிடப் போகும்போது மிச்சம் இருந்த கலவையில, திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திக் கிளறிப் பூசினா, செத்த சிமெண்டைத்தான் பூசுறோம்.

இன்னொரு பழக்கம்: ஈரப் பூச்சு மேல வறட்டு சிமெண்டைத் தூவி வழவழன்னு தேய்க்கிறது. வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் அம்சமா இருக்கும். ஆனா மேல மட்டும் சிமெண்ட் அதிகமான ஒரு மெல்லிய தோல் உண்டாகி, அது தனியா சுருங்கி வெடிக்கும்.

அப்புறம் கடைசியா தண்ணி. குறைஞ்சது ஏழு நாள் பூச்சை ஈரமா வெச்சுக்கணும். காலை, சாயங்காலம், கோடையில மதியமும். சைட் பாஷையில் ‘தண்ணி அடிக்கிறது’. சிரிக்காதீங்க, டைட்டில்ல இருக்கிற தண்ணியும் அதுதான்.

இந்தத் தண்ணியை யார் அடிக்கிறது? கொத்தனார் அடுத்த ரூமுக்குப் போயிட்டார், அவருக்குக் கூலி சதுர அடிக்கு. மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போயிட்டார். ‘வாட்ச்மேன் பார்த்துப்பார்’னு சொல்லிடுவாங்க. பல சைட்ல வாட்ச்மேனோட மனைவிதான் ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அதுக்குத் தனியா காசு கிடையாது. பில்லுல அப்படி ஒரு வரியே இருக்காது. ஒருத்தருக்கும் சம்பளம் இல்லாத வேலை, ஒருத்தரும் செய்யாத வேலையா போறதுல ஆச்சரியம் என்ன?

தலைக்கு மேல 220 கிலோ

சுவர்ல தப்பு நடந்தா கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். சீலிங்ல தப்பு நடந்தா தலையில விழும். ஒரு கணக்கு போடலாம். பத்துக்குப் பத்து அடி ரூம். சீலிங் பூச்சு 6 மில்லிமீட்டர் இருந்தா போதும். கான்கிரீட் மட்டமா இல்லைன்னு 12 மில்லிமீட்டர் ஏத்திட்டாங்கன்னு வைங்க. ஒரு கன மீட்டர் பூச்சு சுமார் 2000 கிலோன்னா, அந்த ஒரு ரூம் சீலிங்ல தொங்குற எடை கிட்டத்தட்ட 220 கிலோ. அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது வெறும் ஒட்டு மட்டும்தான். கீழே தாங்க ஒண்ணும் இல்லை.

அந்த ஒட்டு எப்போ கெடும்? சென்ட்ரிங் அடிக்கும்போது பலகையில எண்ணெய் தடவுவாங்க. பலகையைப் பிரிச்சதுக்கு அப்புறம் அந்த எண்ணெய்ப் பசை கான்கிரீட்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைக் கழுவி எடுக்கணும். வழவழப்பான கான்கிரீட்டைக் கொத்தி சொரசொரப்பாக்கணும், நெருக்கமா, சீலிங் முழுக்க. தலையை அண்ணாந்து, கையைத் தூக்கி, முழு ரூமும் கொத்துறது எவ்வளவு கொடுமையான வேலைன்னு ஒரு நிமிஷம் செஞ்சு பார்த்தா தெரியும். அதனாலதான் ஓரத்துல பத்து கொத்து, நடுவுல பத்து கொத்துன்னு முடிஞ்சிடுது. அதுக்கு மேல மாடி ஒழுகி கம்பி துருப்பிடிச்சா, துரு வீங்கி, கான்கிரீட்டோட சேர்த்து பூச்சைத் தள்ளும். பழைய கட்டடங்கள்ல பூச்சு பெயர்ந்து விழுந்ததுன்னு செய்தி வரும்போதெல்லாம் இந்த வரிசையில ஏதோ ஒண்ணு இருக்கும்.

புது வீடு கட்டுறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. சென்ட்ரிங்கை நல்ல பிளைவுட்ல மட்டமா அடிச்சா, சீலிங்குக்குப் பூச்சே வேண்டாம். பட்டி வெச்சு நேரா பெயின்ட் அடிக்கலாம். தொங்க விடாத எடை விழவே விழாது. ஜிப்சம் பூச்சும் இப்ப நிறைய வருது. அதுக்குத் தண்ணி அடிக்க வேண்டாம், சீக்கிரம் முடியும். ஆனா பாத்ரூம் மாதிரி ஈரம் இருக்கிற இடத்துக்கு ஆகாது.

கையும் கண்ணும்

இதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிக்க எனக்கு மனசு வராது. ஈர சிமெண்டும் சுண்ணாம்பும் கடுமையான காரம். பி.எச். அளவு 12-க்கு மேல. சோப்பெல்லாம் பக்கத்துலயே வராது. எங்க சைட்ல கலவை போடுற அக்கா ஒருத்தங்க கையைக் காட்டினாங்க. விரல் நுனியில ரேகையே தெரியலை, இடுக்குல எல்லாம் வெடிப்பு. ‘ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிப்பேன் கண்ணு, காலையில ரசம் சோறு பிசையும்போதுதான் எரியும்’னாங்க. ரேஷன் கடையில கைரேகை விழ மாட்டேங்குதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

சீலிங் பூசுறவர் அண்ணாந்து பார்த்துக்கிட்டே பூசுறார். கலவை கண்ணுக்கு நேர் மேல இருக்கு. சுண்ணாம்பு கண்ணுல விழுந்தா பார்வையே போகலாம். விழுந்துட்டா கண்ணைக் கசக்கவே கூடாது. உடனே நல்ல தண்ணியில, இமையைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, குறைஞ்சது 15 நிமிஷம் கழுவணும், நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு கண்ணாடி, ஒரு ஜோடி ரப்பர் கையுறை, ரெண்டும் சேர்ந்து உங்க பாத்ரூம் குழாய் ஒண்ணோட விலைகூட இருக்காது.

நீங்க என்ன பண்ணலாம்?

சின்ன ரெனவேஷனா இருந்தாலும், சொந்த வீடா இருந்தாலும், வேலை பேசும்போது இதைக் கேளுங்க.

பூச்சு ரேட்டைத் தனியா பேசுங்க, கொத்துறதுக்கும் தண்ணி அடிக்கிறதுக்கும் தனியா கூலி பேசுங்க. ஏழு நாள், ஒரு ஆள், பேர் சொல்லி. மொத்தச் செலவுல இது சின்னத் தொகை. ஆனா அந்த வரி பில்லுல வந்துட்டா, அது ஒருத்தரோட வேலையா மாறிடும்.

கையுறையும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்க. ‘பழக்கம் இல்லை மேடம்’னு சொல்லுவாங்க. பரவாயில்லை, திரும்பவும் கொடுங்க.

சுண்ணாம்பு கலந்து பூசணும்னா, கலவை விகிதத்தை எழுத்துல வாங்குங்க, ஊற வைக்க ஒரு நாள் சேர்த்துக் கொடுங்க. முதல்ல ஒரு சின்னச் சுவர்ல பூசிப் பாருங்க.

பெயின்ட்டுக்கு அவசரப்படாதீங்க. புதுப் பூச்சுக்குக் குறைஞ்சது நாலு வாரம் கொடுங்க. உள்ளே ஈரமும் காரமும் இருக்கும்போது அடிச்சா எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட்டும் கொப்பளிக்கும்.

ஃப்ளாட் சாவி வாங்குறவங்க, பெயின்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ளே போகக் கேளுங்க. சுவரைத் தட்டுங்க, ஒரு நீளக் கட்டையில சீலிங்கையும் தட்டுங்க. ராத்திரி போனா மொபைல் டார்ச்சைச் சுவரோட ஒட்டிச் சாய்ச்சு அடிங்க, எல்லா மேடு பள்ளமும் தெரியும். ‘டொப்’ சத்தம் வர்ற இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டு போட்டோ எடுத்து வைங்க. உள்ளங்கை அளவு இருந்தா பயப்பட வேண்டாம். சீலிங்ல பெரிய வட்டம் வந்தா, அதைத் தட்டி எடுத்துட்டுத் திரும்பப் பூசச் சொல்லுங்க. அதுல மட்டும் சமரசமே வேண்டாம்.

நல்ல பூச்சுக்கு ரகசியக் கலவை ஒண்ணும் கிடையாது. செய்யத் தெரிஞ்ச கைகள் நம்ம ஊர்ல நிறைய இருக்கு. அந்தக் கைகளுக்கு நாம நேரம் கொடுக்கிறோமா, அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கிறோமாங்கிறதுதான் கேள்வி.

உங்க சுவரைத் தட்டிப் பார்த்தா என்ன சத்தம் வந்ததுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா நாலைஞ்சு எடுத்து அடுத்த எபிசோடு ஆரம்பத்துல போடலாம். அடுத்த தடவை மாடி ஒழுகல் பத்திப் பேசுவோம்.